உன் மலையில் கேட்டுத் தெரிந்துகொண்டது

எனக்குப் பின்னால் பிறந்து எனக்கு முன்னால் போனவளே, பவளம்,

உன் மலைக்கு வந்துவிட்டுப் போனேன். நீ இருக்கும்போது வராதவள், நீ போய்ப் பதினொரு மாதம் கழித்து வந்தேன். இதைக் கேட்டுச் சிரிப்பாயோ, முகத்தைத் திருப்பிக்கொள்வாயோ, எனக்குத் தெரியாது. உன் முகத்தை நேரில் பார்த்துப் பத்தொன்பது வருடத்துக்கு மேலே ஆகிறது.

உன் மகள் துளசி உன் ஆண்டுத் திவசத்துக்கு ஒரு நினைவு மலர் அடிக்கிறாள். "பெரியம்மா, நீங்கள் ஒரு பக்கம் எழுதித் தாங்கோ" என்று கேட்டாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். உன்னைப் படிக்கவிட்டு என்னை மறித்தார்கள். அதையும் நான் மறக்கவில்லை. ஆனால் எழுத்துக் கூட்டி எழுதுவேன். ஒரு பக்கத்தில் முடியாது என்று மட்டும் அவளுக்குச் சொல்லிவிட்டேன். மலரைக் கையில் எடுக்கிற சனமும் இதைப் படிக்கட்டும். அவர்களில் சிலரிடம் நான்தான் உன்னைப் பற்றிப் பிழையாகக் கதைத்தவள்.

அம்மாவின் மரண அறிவித்தலை இங்கே அப்படியே எழுதுகிறேன். எனக்கு அதற்குப் பழைய பேப்பர் தேவையில்லை. "அன்னார், காலஞ்சென்ற கந்தையாவின் அன்பு மனைவியும், இரத்தினேஸ்வரி (கனடா), பவளராணி (சுவிஸ்) ஆகியோரின் அன்புத் தாயாரும், தவராசாவின் (சுவிஸ்) அன்பு மாமியாரும் ஆவார்." மகள்மார் இரண்டு பேர். மருமகன் ஒருவர்.

அதை எழுதிக் கொடுத்தது நீ. உனக்குத்தான் எழுத்து வரும் என்று நானே உன்னிடம் விட்டேன். ரொறன்ரோவில் எங்கள் ரெக்ஸ்டேல் வீட்டுக் குசினியில் றேடியோவில் அதை வாசித்தபோது என் மனுசன், நீ அத்தான் என்று கூப்பிட்டவர், வேலைக்குப் போகுமுன் சாப்பிட உட்கார்ந்திருந்தார். என் பெயர் வந்தது. உன் பெயர் வந்தது. உன் மனுசனின் பெயர் வந்தது. இராசநாதன் என்ற பெயர் வரவில்லை. அவர் மிச்சச் சோற்றை மூடிவைத்தார், கையைக் கழுவினார், பின்னேர வேலைக்கு பஸ் எடுக்கப் போய்விட்டார்.

அன்று ஒன்பது பேர் ரெலிபோன் எடுத்தார்கள். துக்கம் விசாரிக்கிற சாட்டில், "ரத்தினமக்கா, அண்ணை இப்ப உங்களோட இல்லையோ?" என்று கேட்டார்கள். ஒருத்தி அவர் செத்துப்போனாரோ என்றே கேட்டாள். ஒன்பது பேருக்கும் நான் ஒரே பதில்தான் சொன்னேன். "என்ர தங்கச்சியின்ர வேலை. ஊரில வாடகைக்கு வான் ஓடின மனுசனெண்டு அவளுக்கு இளக்காரம்."

பிறகு உன்னைக் கூப்பிட்டேன். "வேணுமெண்டுதானே விட்டனி?" என்றேன். நீ பேசவில்லை. "இண்டையோட எனக்குத் தங்கச்சி இல்லை" என்றேன். நீ "சரி அக்கா" என்றாய். அவ்வளவுதான். அந்த "சரி"யை நான் பத்தொன்பது வருடம் வைத்திருந்தேன், பவளம். கெஞ்சியிருந்தால் விட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். சரி என்று சொல்ல உனக்கு எவ்வளவு திமிர் என்று நினைத்தேன்.

அத்தான் செத்தபோது மூன்று தரம் எடுத்தாய். உன் நம்பரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எடுக்கவில்லை. உன் செத்தவீட்டை மகன் சுதனின் ரெலிபோனில் பார்த்தேன். அழவில்லை, பொய் எழுத மாட்டேன். உன் அறிவித்தலில் எங்கள் இரண்டு பேரின் பெயரும் இருக்கிறதா என்று பார்த்தேன். என் பெயரும் இருந்தது, "காலஞ்சென்ற இராசநாதன்" என்று அவர் பெயரும் முறையாக இருந்தது. அதற்கும் எனக்குக் கோபம்தான். அம்மாவுக்குத் தெரியாத முறை இப்போது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், சும்மா சுவரைப் பார்த்து.

பிறகு ஏன் வந்தேன் என்று கேட்பாய். துளசி விடவில்லை. "அம்மா இருபத்தி மூண்டு வருஷம் வேலை செய்த இடத்தை ஒருக்கா வந்து பாருங்கோ" என்று கிழமைக்கு ஒரு தரம் எடுத்தாள். சுதனுக்கு லீவு இல்லை. "றெஜினா சைக்கிள் ஓட அங்கதான் போறாள் அம்மா, அவளோட போங்கோ" என்றான்.

"உவளோடயோ?" என்றேன்.

றெஜினா என் மருமகள். அவளை நீ கண்டதில்லை. மன்னார்ப் பிள்ளை, வேதக்காரர். என்னைக் கேளாமல் கோயிலுக்கும் போகாமல் சேர்ச்சில் முடித்தார்கள். நான் போகவில்லை. அவள் என் வீட்டுக்கு முதல் வந்த நாள் சப்பாத்தோடு உள்ளே இரண்டாவது மாபிள் கல் வரைக்கும் வந்தாள். என் மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு மாமி, எங்கட வீட்டில இன்னும் உறைப்பு" என்றாள். ஏழு வருடம் ஆகிறது. எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. அவர்கள் ரொறன்ரோவுக்கு வெளியே விட்பியில் பெரிய வீடு வாங்கி எனக்கென்று ஓர் அறை வைத்தார்கள். நான் ரெக்ஸ்டேலை விட்டு அசையவில்லை. அவளை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. எட்டு மணிநேரம் பிளேனில் பக்கத்துப் பக்கத்து சீற்றில் இருந்தோம். "தண்ணி வேணுமோ மாமி?" "வேண்டாம்." அதுதான் எங்கள் கதை.

சரி, உன் மலை. அதன் பெயர் என் வாய்க்கு வராது. நீயும் "என்ர மலை" என்றுதான் சொல்லுவாயாம். நானும் துளசியும் கேபிள் காரில் ஏறினோம். றெஜினா வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்து ரோட்டால் மிதித்துக்கொண்டு வந்தாள். மேலிருந்து பார்க்க, அந்த ரோட்டு வளைவுகளில் சைக்கிள்காரர் எறும்பு மாதிரி ஏறிக்கொண்டிருந்தார்கள். என் வயதுக் கிழவர்களும் உடம்போடு ஒட்டின உடுப்பைப் போட்டுக்கொண்டு மூசி மூசி மிதிக்கிறார்கள். ஒருவரும் அவர்களை விரட்டவில்லை. மேலே போனால் ஒன்றும் கொடுப்பாரும் இல்லை. பிறகு ஏன்? நடக்கிறவர்கள் இன்னொரு கூட்டம். இரண்டு கையிலும் இரண்டு தடி. ஒருவருக்கும் கால் வருத்தம் இல்லை.

நீ வேலை செய்த ரெஸ்ரோரண்டில் உன் பெயரில் ஒரு கறி இன்னும் இருக்கிறது. துளசி எடுத்துத் தந்தாள். தேங்காய்ப்பால் கூடிப்போச்சு. உன் கை அப்படித்தான். அந்தச் சனம் ரொட்டியைத் தொட்டுத் தொட்டுக் கோப்பையை வழித்துச் சாப்பிடுகிறது. குசினியில் இருந்து ஒரு தடித்த வெள்ளைக்காரி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உன் அக்கா என்று துளசி சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். எனக்கு வராத கண்ணீர் அவளுக்கு வந்தது.

அப்போது றெஜினாவும் வந்து சேர்ந்தாள். முகம் தக்காளி மாதிரி. "ரெண்டு தரம் இறங்கி உருட்டினனான்" என்று சிரித்தாள். நீ வேலை இடைவெளியில் போய் உட்கார்ந்திருக்கிற மர வாங்கைக் காட்ட வேண்டும் என்றாள் துளசி. அங்கே மஞ்சள் பலகைகளில் இவ்வளவு தூரம் என்று போடுவதில்லை. இவ்வளவு நேரம் என்று போடுகிறார்கள். இருபத்தைந்து நிமிடம் என்று இருந்தது.

"ஆற்ற காலுக்கு?" என்று கேட்டேன்.

"சுவிஸ்காரற்ற காலுக்கு, பெரியம்மா" என்றாள் துளசி. எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலே போனது. சேலைக்கு மேலே ஜக்கெற், காலில் சுதன் வாங்கித் தந்த சப்பாத்து. எதிரே வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்து வணக்கம் மாதிரி ஏதோ சொன்னார்கள். தெரிந்தவர்களோ என்று கேட்டேன். "மலையில எல்லாரும் எல்லாருக்கும் சொல்லோணும். கீழ இறங்கினா ஒருத்தரும் ஒருத்தரையும் பாக்க மாட்டினம்" என்றாள் உன் மகள். றெஜினா எனக்கு ஓரடி பின்னால், கையை நீட்டியும் நீட்டாமலும் வந்துகொண்டிருந்தாள். விழுந்தால் பிடிக்க. நான் கண்டும் காணாத மாதிரி நடந்தேன்.

உன் வாங்கு நல்ல இடத்தில்தான் இருக்கிறது. கீழே ஏரி, எதிரே பனி மூடின மலைகள் வரிசையாக, பக்கத்தில் வேலிக்குள் மணி கட்டின மாடுகள். துளசி தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். "அம்மா இதில இருந்து உங்களைப் பற்றித்தான் கதைப்பா" என்றாள். அவள் அன்பாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. என்னைப் பற்றிக் கதைத்தவள் என் மனுசனின் பெயரை ஏன் விட்டாள் என்று தொடங்கினேன். அறிவித்தலை முதலில் இருந்து கடைசி மட்டும் ஒப்பித்தேன். றேடியோ, சோற்றுக் கோப்பை, ஒன்பது ரெலிபோன், உன் "சரி", எல்லாம்.

"பெரியம்மா, காணும், நிப்பாட்டுங்கோ" என்றாள் துளசி.

"என்ன காணும்?"

"அந்தப் பேரை அம்மா விடேல்ல. அம்மம்மா விடச் சொன்னவ."

நான் சிரித்தேன். "கொம்மா சொல்லித் தந்த கதையோ?"

"அம்மா ஒண்டும் சொல்லித் தரேல்ல. நான் என்ர காதால கேட்டனான். எனக்கு அப்ப பத்து வயசு. அம்மாவுக்குக் கையெல்லாம் மா, ரெலிபோனை ஸ்பீக்கரில போட்டிட்டு ரொட்டிக்குக் குழைச்சுக்கொண்டு நிண்டவ. அம்மம்மா சாகிறதுக்கு மூண்டு நாள் முந்தி. 'உவன்ர பேர் என்ர பேருக்குக் கீழ வந்துதெண்டா என்ர கட்டை வேகாது, சொல்லிப்போட்டன்' எண்டவ. அம்மா எவ்வளவோ கெஞ்சினவ. 'அக்கா என்னை விடமாட்டா அம்மா' எண்டு அழுதவ. அம்மம்மா விடேல்ல. சத்தியம் வாங்கினவ."

பவளம், நான் அவளை நம்பாமல் விட எவ்வளவோ பார்த்தேன். ஆனால் கட்டை வேகாது என்ற சொல்லை சுவிஸில் வளர்ந்த பிள்ளை உண்டாக்க முடியாது. அது அம்மாவின் வாய். நான் அத்தானைச் சொல்லாமல் கொள்ளாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்ற அன்றும் அம்மா அந்தச் சொல்லைத்தான் சொன்னவர். சாகிற மட்டும் அவரை ஒரு நாள் மருமகன் என்று சொல்லவில்லை. "உவர்", "உவன்". கவுண்மேந்து உத்தியோகம் இல்லாத மனுசனுக்கு அம்மாவின் வாயில் பெயர் இருக்கவில்லை. இது எனக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்தும் அம்மாவை நினைக்காமல் உன்னை நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன்?

"பிறகேன் எனக்குச் சொல்லேல்ல?" என்று துளசியிடம் கேட்டேன். உன்னிடம் கேட்க முடியாததால்.

"நானும் கேட்டனான். 'அக்கா என்னோட கோவிச்சாக் கோவிச்சிட்டுப் போகட்டும். அம்மாவோட கோவிச்சா, அவவுக்கு ஆர் விளக்கு வைக்கிறது?' எண்டவ."

உண்மைதான். பத்தொன்பது வருடமாக அம்மாவின் திவசத்தை ஒரு வருடமும் விடாமல் ரெக்ஸ்டேலில் செய்தவள் நான். வாழைக்காய், பயிற்றங்காய், எல்லாம் தேடித் தேடி வாங்கிச் சமைத்துப் படைத்தவள். அவருக்குப் படைத்துவிட்டு உன்னைத் திட்டினேன்.

நீ செய்தது சரி என்று நான் எழுத மாட்டேன். நான் உன் இடத்தில் என்றால் அந்தப் பெயரைப் போட்டிருப்பேன். கட்டை வேகாவிட்டால் போகட்டும். இல்லையென்றால் என்னிடம் சொல்லியிருப்பேன். நான் தாங்க மாட்டேன் என்று நீயாகவே முடிவெடுத்தாய். அத்தானுக்காவது தெரியுமா? அன்று அவர் ஒன்றும் கேட்காமல் எழும்பிப் போனது தெரிந்ததாலா, தெரியாததாலா? இதை இனி யார் எனக்குச் சொல்வது?

இவ்வளவும் நடக்கும்போது றெஜினா வாங்கின் மற்ற நுனியில் இருந்தாள். துளசி எங்கள் அம்மாவின் வார்த்தையைச் சொன்னதும் அவள் மெல்ல எழும்பி வேலிப் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாடுகளைப் பார்த்தாள். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது, சுதன் அவளுக்குச் சொல்லியிருக்கிறான் என்று.

உனக்கு ஒளிக்க என்ன இருக்கிறது? இரண்டு வருடத்துக்கு முதல், சுதன் என்னைக் கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகும்போது காருக்குள் சொன்னேன்: "நான் செத்தா என்ர அறிவித்தலில உவள்ர பேர் வரக்கூடாது." அவன் ஒன்றும் பேசாமல் காரை ஓட்டினான். அவன் அப்பாவின் பிள்ளை. அம்மா உன்னிடம் சொன்னதையே நானும் எடுத்து வைத்திருந்தேன், பவளம். நான் அதைக் கேட்டதே இல்லை. கேளாமலே என்னிடம் இருந்தது.

துளசி உன் பழைய முதலாளியோடு கதைக்க மேலே நின்றுவிட்டாள். றெஜினா ரோட்டால் பறந்து இறங்கத்தான் அவ்வளவு தூரம் மிதித்து ஏறினாள். ஆனால் என்னைத் தனியே விடாமல், சைக்கிளையும் தூக்கிக்கொண்டு கேபிள் கார்ப் பெட்டிக்குள் ஏறினாள். அவள் ஒரு பக்கம், நான் மற்றப் பக்கம், நடுவில் சைக்கிள். கதவு பூட்டினது.

"சுதன் சொன்னவனோ?" என்று கேட்டேன்.

"என்னத்தை மாமி?"

"தெரியாத மாதிரிக் கதைக்காதை."

"ஓம். சொன்னவர். போன கிறிஸ்மஸுக்கு முதல்."

"தெரிஞ்சுகொண்டோ என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனி?"

"நீங்கள் செத்தாப் பிறகு பேப்பரில வாறதுக்கு இப்ப என்னத்துக்கு நான் சண்டை பிடிக்கிறது?" என்றாள். பெட்டி ஒரு தூணைக் கடந்து ஒரு குலுக்குக் குலுக்கியது. நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன், அவளும் பிடித்துக்கொண்டாள். "ஆனா மாமி, ஒண்டு கேக்கிறன். செரின் தமிழ் எழுத்துக் கூட்டத் தொடங்கியிட்டாள். பேப்பர், போத்தல், அரிசிப் பை, எல்லாத்தையும் வாசிக்கிறாள். உங்கட அறிவித்தலையும் வாசிப்பாள். 'அப்பான்ர பேர் இருக்கு, என்ர பேர் இருக்கு, அம்மான்ர பேர் எங்க?' எண்டு கேப்பாள். அப்ப நீங்கள் இருக்கமாட்டீங்கள். அதுக்கு என்ன பதில் சொல்லுறதெண்டு மட்டும் இப்ப சொல்லித் தாங்கோ. நீங்கள் சொன்னதையே சொல்லுறன்."

செரின் என் பேத்தி. ஆறு வயது. அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல? நீ சப்பாத்தோடு வந்த கதையைச் சொல் என்றா? குழம்பு உறைப்பில்லை என்று உன் அம்மா சொன்னாள் என்றா? கீழே பெட்டி நின்றது, கதவு திறந்தது, அவள் முதலில் இறங்கி எனக்குக் கையைத் தந்தாள். பிடித்துக்கொண்டு இறங்கினேன். "கவனம், றெஜினா, சைக்கிள் இடிக்கும்" என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

ரொறன்ரோவுக்கு வந்து ஒரு கிழமை கழித்துச் செரினின் கொப்பியில் ஓர் ஒற்றையைக் கிழித்து என் மரண அறிவித்தலை நானே எழுதினேன். நாள், நேரம் மட்டும் விட்டு மற்ற எல்லாம். "காலஞ்சென்ற இராசநாதனின் அன்பு மனைவியும், சுதனின் அன்புத் தாயாரும், றெஜினாவின் அன்பு மாமியாரும், செரினின் அன்பு அப்பம்மாவும், காலஞ்சென்ற பவளராணியின் அன்புச் சகோதரியும்." சுதனிடம் கொடுக்கவில்லை. றெஜினாவிடம் கொடுத்தேன். அவள் நின்றபடியே வாசித்தாள். இரண்டு தரம் வாசித்தாள். பிறகு மடித்துத் தன் பையில் வைத்துவிட்டு, "இதுக்கு ஒரு அவசரமும் இல்லை மாமி" என்றாள். விட்பிக்குப் போகிறேனா என்று கேட்காதே. அது இன்னும் தெரியாது. அவள் குழம்பு உறைப்புத்தான்.

அம்மாவோடு எனக்கு இப்போது கோபம். அது இருக்கட்டும், அவரோடு நான் பிறகு கதைத்துக்கொள்கிறேன். இந்த வருடமும் திவசம் செய்வேன். ஆனால் படைக்கும்போது அத்தானின் பெயரைச் சத்தமாகச் சொல்லித்தான் படைப்பேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது பழக்கம் இல்லை. எனக்குத் தெரிந்தது ஞாபகம் வைத்திருப்பதுதான். அன்று ரெலிபோன் எடுத்த ஒன்பது பேரும் யார், யாரிடம் உன்னை என்ன சொன்னேன் என்று ஒரு சொல் விடாமல் தெரியும். ஒவ்வொருவராக எடுத்து, "அண்டைக்கு நான் சொன்னது பிழை, அது என்ர தங்கச்சி செய்தது இல்லை" என்று சொல்லிக்கொண்டு வருகிறேன். நாலு பேருக்குச் சொல்லியாகிவிட்டது. ஒருத்திக்கு அப்படி ஓர் அறிவித்தல் வந்ததே ஞாபகம் இல்லை. முழுக்க எடுத்துச் சொல்லி, பிறகு பிழை என்றும் சொன்னேன். இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவரையும் விட மாட்டேன், இது என் வாக்கு. மற்ற இரண்டு பேரும் செத்துப்போனார்கள். அவர்களுக்கு நீயே சொல்லிவிடு. நான் வரும் மட்டும் பார்த்துக்கொண்டு இருக்காதே.

இப்படிக்கு,
உன் அக்கா இரத்தினம்,
இராசநாதனின் மனைவி, றெஜினாவின் மாமி